முறைத்தண்ணி

லூதியானாவில் ஏற்றிய சைக்கிள் ரிம்மோடு
டெல்லிக்குள் நுழைய நாற்பது நிமிடம் என்றது போன்.
பதினேழு நாள் ஆனது.

சிங்கு எல்லையில், கான்கிரீட் கட்டைகளுக்கு இந்தப் பக்கம்,
முன்னால் டிராக்டர், பின்னால் டிராக்டர்,
நடுவில் நாமக்கல் பதிவெண்ணோடு என் லாரி,
யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல்
பந்தியில் உட்கார்ந்துவிட்டவன் மாதிரி.

இரண்டு நாள் கேபினை விட்டு இறங்கவில்லை.
ஓனர் போனில் கத்தினார்.
மூன்றாம் நாள் ஒருவன் கண்ணாடியைத் தட்டினான்.
ஜஸ்மேர் சிங். கையில் ரொட்டி, கக்கத்தில் நோட்டு.
பேர் என்ன, எத்தனை பேருக்குச் சாப்பாடு?
செங்கோடன், ஒன்று.
மூன்று தடவை எழுதி எழுதி அடித்தான்.
கடைசியில் ‘மதராசி, ஒன்று’ என்று முடித்துக்கொண்டான்.

அப்புறம்தான் பிடிபட்டது,
நான் நிற்பது கூட்டத்தில் இல்லை, ஓர் ஊருக்குள்.
பெரோஸ்பூர் பக்கத்துக் கோட் மங்கல்
தெரு மாறாமல் வந்து நிற்கிறது நெடுஞ்சாலையில்.
அங்கே எதிர்வீடு, இங்கே எதிர் டிராலி.
அங்கே பேசாதவர்கள் இங்கேயும் பேசுவதில்லை,
உப்பு மட்டும் பிள்ளைகள் கையில் போய் வருகிறது.
நோட்டில் இருக்கிறது:
யார் இந்த வாரம் கோதுமைக்குத் திரும்ப வேண்டும்,
யார் வரவில்லை, யாருக்கு எவ்வளவு அபராதம்,
யாருடைய எருமை கன்று போட்டது.

என் இந்தி லோடு ஏற்றுகிற இந்தி.
ஜஸ்மேர் மெதுவாகச் சொன்னான், ரசீது படிப்பவன் போல.
பூட்டன் காலத்தில் வெள்ளைக்காரன் கால்வாய் வெட்டி
முள்ளுக்காட்டைக் கொடுத்தான், மேற்கே போனோம்.
நாற்பத்தேழில் பருத்தி செடியிலேயே நிற்க
மாட்டுவண்டியில் கிழக்கே வந்தோம்.
யாரோ விட்டுப்போன வீடு கிடைத்தது.
சுவரில் அவர்கள் பிள்ளைகளின் உயரம்
கரிக்கோடாக இருந்தது.
வெள்ளையடிக்க இரண்டு வருடம் கை வரவில்லை.
இது மூன்றாவது, என்றான்.
வண்டிதான் வேறே.

கடைசி டிராலிக்கும் அப்பால் ஒரு தார்ப்பாய்.
பீரா, அவன் பெண்டாட்டி, இரண்டு மைத்துனர்கள்.
நிலம் இல்லாதவர்கள். நோட்டிலும் கடைசிப் பக்கம்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
எங்கள் ஊரிலும் அந்தப் பக்கம் உண்டு.
நிலமே இல்லை, நீ எதுக்கு வந்தே என்று மட்டும் கேட்டேன்.
வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல்
‘நிலம் போனா கூலி எங்கே இருக்கும்’ என்றான்.

ஜனவரி மழையில் ஓர் இரவு தார்ப்பாய் கிழிந்தது.
இருட்டில் ஆளாளுக்கு வண்டியை இழுத்து,
விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் கலைந்து கிடக்கிறது,
சர்பஞ்ச் டிராலிக்குள் பீராவின் கைக்குழந்தை தூங்குகிறது.
மூன்று நாள் அப்படியே இருந்தது.
நான்காம் நாள் வெயில் வந்தது,
தெருவும் பழைய இடத்துக்கு வந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும்.
செவ்வாய் இரவு இரண்டு நாற்பதுக்கு
ஜஸ்மேரின் போனில் அலாரம் அடித்தது.
பனியில் மட்கார்டு மேல் போர்வையோடு உட்கார்ந்து
ஊரில் இருக்கிற தம்பியை எழுப்பினான்.
கால்வாயிலிருந்து அவன் வயலுக்கு
வாரத்துக்கு ஒருமுறை முப்பத்தேழு நிமிடம்.
தவறினால் தவறியதுதான்.
எங்க பக்கம் இதுக்கு முறைத்தண்ணின்னு பேரு என்றேன்.
அவன் கேட்கவில்லை,
மண்வெட்டி எங்கே என்று தம்பியிடம் கத்திக்கொண்டிருந்தான்.

பிறகு போனை என் காதில் வைத்தான்.
ஒரே இரைச்சல்.
தண்ணியா, காற்றா, இங்கே ஓடும் ஜெனரேட்டரா,
தெரியவில்லை.
‘வருது’ என்றேன், தமிழில்.

அந்த முப்பத்தேழு நிமிடமும் அவன் படுக்கவில்லை.
மூன்று பதினேழுக்கு மடையை அடைக்கச் சொன்னான்.
நாலாவது டிராலியில், இருட்டுக்குள்,
அடுத்த முறைக்காரன்
போனோடு எழுந்து உட்கார்ந்தான்.